பாறைக்குள் பதிந்த வளைகள்

கேரள எல்லையில் வேலந்தாவளத்துக்கு அருகே வாளையாறு, மதுக்கரை இரண்டிலும் சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டியிருக்கிறார்கள். பூமிக்கு அடியில் கடும் வெப்பமும் அழுத்தமும் பட்டுப் படிகமாகிவிட்ட மிகப் பழைய கல் அது. அதில் எந்தப் பிராணியின் தடத்தையும் தேடிப் பயனில்லை.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லின் கதை வேறு. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஆழமில்லாக் கடல் இருந்தது. கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் கிரைஃபியா என்ற தடித்த சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. ஹென்றி பிளான்ஃபோர்டு 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த வட்டாரப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக வகுத்துவிட்டார்.

அரியலூர், பெரம்பலூர் பகுதியின் கிரிட்டேசியஸ் காலப் படிவுகளில் சிப்பிகளோடு, கடல்தரையில் பிராணிகள் தோண்டிய வளைகளும் உண்டு. செத்த பிராணியின் ஓட்டைக் கடல் நீரோட்டம் வேறிடத்துக்கு அடித்துச் செல்லலாம். வளையை அப்படிக் கொண்டுபோக முடியாது. தோண்டிய இடத்திலேயே அது கல்லாகிறது. அந்த இடத்துக் கடல்தரை எப்படி இருந்தது என்பதற்கு அதைவிட நம்பகமான சாட்சி அரிது.

சாட்சியத்தைப் படிக்க வளையின் சுவரைப் பார்க்க வேண்டும். சுவர் வழவழப்பாக, கிளைகள் ஆங்கில ஒய் எழுத்துப் போலப் பிரிந்தால் அது தலாசினாய்டிஸ்; பூச்சு இல்லாமலே சரியாமல் நிற்கும் அளவுக்குத் தரை இறுகியிருந்தது என்று பொருள். சுவரின் வெளிப்புறம் முழுக்கச் சிறு மண் உருண்டைகள் முண்டுமுண்டாகத் துருத்தினால் அது ஓபியோமார்பா. பொலபொலவென்ற மணல் சரியாதிருக்கப் பிராணி தானே உருட்டி ஒட்டிய பூச்சு அது.

தோண்டியது யார்? அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரையில் வீமர், ஹாய்ட் என்ற இருவர் இன்றைய காலியனாசா இறாலின் வளைகளை ஆராய்ந்து, ஓபியோமார்பாவோடு அவை ஒத்துப்போவதை 1964இல் காட்டினார்கள். அதன் பிறகு ஓபியோமார்பா ஆழமற்ற கரையோரக் கடலின் அடையாளமாக மதிக்கப்பட்டது. பின்னர் ஆழ்கடல் படிவுகளிலும் அது கிடைத்ததால், கல்லின் மணியையும் கூடக் கிடைக்கும் சிப்பிகளையும் சேர்த்துப் பார்த்தே இன்று முடிவு சொல்கிறார்கள்.

இன்னொரு சோதனை எளியது. துளை ஒரு சிப்பியை அறுத்துக்கொண்டு நேராகப் போகிறதா, சுற்றி வளைந்து போகிறதா? அறுத்துப் போனால், துளை போட்டபோதே தரை பாறையாக இறுகியிருந்தது. அதாவது, அங்கே வண்டல் படிவது நெடுங்காலம் நின்றுபோயிருந்தது.

அரியலூர் பக்கம் போகிறவர்கள் வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வரலாம். வெளியே பாறையில் வளையைக் கண்டால் பெயர்த்து எடுக்காதீர்கள். அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டால் போதும்.