பள்ளிப் பேண்டு வாத்திய வகுப்பில் மதிப்பிடல்

பள்ளிப் பேண்டு வாத்திய வகுப்பில் மதிப்பிடல் என்பது, இசைக்குழுவாகச் சேர்ந்து வாசிக்கும் மாணவர்களுக்குத் தனித்தனியே மதிப்பெண் வழங்கும் முறையைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் பேண்டு வாத்தியம் வெறும் பொழுதுபோக்கு அன்று; பள்ளி நேரத்திலேயே நடைபெறும் விருப்பப் பாடம் ஆகும். எனவே கணிதம், அறிவியல் ஆகியவற்றைப் போல இதற்கும் மதிப்பெண் அட்டையில் இடம் உண்டு. கேட்பவர் காதில் விழுவது பல கருவிகளின் கூட்டொலி. மதிப்பெண்ணோ தனி ஒருவருக்கு உரியது. இந்த முரண்பாடே இப்பாடத்தில் மதிப்பிடலைச் சிக்கலாக்குகிறது.

பின்னணி

பேண்டு வாத்தியக் குழுவில் புல்லாங்குழல், கிளாரினெட், சாக்சபோன், டிரம்பெட், டிராம்போன், டியூபா முதலிய காற்றுக் கருவிகளும் தாளக் கருவிகளும் இடம்பெறுகின்றன. முதலாம் உலகப் போருக்குப் பின்னர் அமெரிக்கப் பள்ளிகளில் இக்குழுக்கள் வேகமாகப் பெருகின. 1923 ஆம் ஆண்டு, இசைக்கருவி உற்பத்தியாளர்களின் ஆதரவுடன், பள்ளி இசைக்குழுக்களுக்கான முதல் தேசியப் போட்டி சிக்காகோ நகரில் நடைபெற்றது. தொடக்கத்தில் குழுக்கள் முதலிடம், இரண்டாமிடம் என வரிசைப்படுத்தப்பட்டன. 1930களில் இதற்கு மாற்றாகத் தர வகைப்பாட்டு முறை பரவியது.

இம்முறையில் நடுவர்கள் ஒவ்வொரு குழுவுக்கும் 1 முதல் 5 வரை ஒரு தரத்தை வழங்குவர். 1 என்பது மிக உயர்ந்த தரம். ஒரே நாளில் எத்தனை குழுக்களும் முதல் தரத்தைப் பெற இயலும். ஆயினும் இத்தரம் குழு முழுமைக்கும் உரியது. முதல் தரம் பெற்ற குழுவில் கடைசி வரிசையில் அமர்ந்துள்ள கிளாரினெட் மாணவர் சரியாக வாசித்தாரா என்பதை அது தெரிவிப்பதில்லை.

மதிப்பிடப்படும் கூறுகள்

மாணவரின் மதிப்பெண் பொதுவாகப் பின்வரும் கூறுகளில் இருந்து பெறப்படுகிறது.

வாசிப்புத் தேர்வு: மாணவர் தனியாக ஒரு சுர வரிசையையோ இசைப்பகுதியையோ வாசித்துக் காட்டுவார். சுருதி, தாளம், ஒலியின் தரம், ஒலி அளவின் ஏற்ற இறக்கம் முதலியன கவனிக்கப்படும்.

கச்சேரிப் பங்கேற்பு: பள்ளி நேரத்துக்கு வெளியே, பெரும்பாலும் மாலையில், நடைபெறும் கச்சேரிகளில் கலந்துகொள்ளல்.

வருகையும் ஒழுங்கும்: ஒத்திகைக்கு உரிய நேரத்தில் வருதல், கருவி, இசைத்தாள், எழுதுகோல் ஆகியவற்றைக் கொண்டுவருதல்.

பயிற்சிக் குறிப்பேடு: வீட்டில் பயிற்சி செய்த நேரத்தை எழுதிப் பெற்றோரின் கையொப்பம் பெற்றுத் தருதல்.

எழுத்துத் தேர்வு: இசைக் குறியீடுகள், இசைக் கலைச்சொற்கள் ஆகியவை பற்றிய வினாக்கள்.

வாசிப்புத் தேர்வின் சிக்கல்

ஒருவரின் திறனை நேரடியாகக் காட்டுவது வாசிப்புத் தேர்வே. ஆனால் அதற்கு நேரம் அதிகம் தேவைப்படும். ஒரு வகுப்பில் 60 மாணவர்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒருவருக்கு 5 நிமிடம் ஒதுக்கினால் மொத்தம் 300 நிமிடங்கள் தேவை. அதாவது 50 நிமிட வகுப்புகள் ஆறு இதற்கே செலவாகும். அந்நேரத்தில் எஞ்சிய 59 பேரும் வாளாவிருக்க வேண்டியிருக்கும். இதனால் சில ஆசிரியர்கள் வீட்டில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புமாறு மாணவர்களைப் பணிக்கின்றனர். வாசிப்பைக் கேட்டுத் தவறான சுரங்களைத் திரையில் சுட்டிக்காட்டும் கணினி மென்பொருள்களும் பயன்படுத்தப்படுகின்றன. இவற்றுள் ஸ்மார்ட்மியூசிக் பரவலாக அறியப்பட்டது. மென்பொருள் சுருதியையும் தாளத்தையும் கணக்கிட வல்லது. ஒலியின் இனிமையை மதிப்பிட ஆசிரியரின் செவியே தேவை.

மதிப்பிடுபவரின் விருப்பு வெறுப்பைக் குறைக்கவும் முயற்சிகள் நடந்தன. 1954 இல் வெளியான வாட்கின்ஸ்-ஃபார்னம் அளவுகோலில், படிப்படியாகக் கடினமாகும் பயிற்சிகளை மாணவர் முன்பயிற்சி இன்றி வாசிப்பார். இசைத்தாளில் இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதியே இங்கு அலகு. ஒரு பகுதிக்குள் எத்தனை பிழைகள் நேர்ந்தாலும் அது ஒரு பிழையாகவே எண்ணப்படும். இன்று பல ஆசிரியர்கள் ரூப்ரிக் எனப்படும் படிநிலை அட்டவணையைப் பயன்படுத்துகின்றனர். இதில் ஒவ்வொரு படிக்கும் உரிய இயல்பு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, "தாளம் முழுவதும் சீராக உள்ளது" என்பது 4 மதிப்பெண்ணையும், "தாளம் அடிக்கடி தடுமாறுகிறது" என்பது 2 மதிப்பெண்ணையும் குறிக்கலாம்.

விகிதமும் விளைவும்

எந்தக் கூறுக்கு எவ்வளவு பங்கு வழங்குவது என்பதே இறுதி மதிப்பெண்ணைத் தீர்மானிக்கிறது. இதைக் கற்பனையான இரு மாணவர்களைக் கொண்டு விளக்கலாம். முதலாமவர் ஒத்திகை, கச்சேரி, குறிப்பேடு அனைத்திலும் முழு மதிப்பெண் பெறுகிறார். ஆனால் வாசிப்புத் தேர்வில் 50 விழுக்காடு மட்டுமே பெறுகிறார். இரண்டாமவர் வாசிப்பில் 95 விழுக்காடும் வருகையில் 90 விழுக்காடும் பெறுகிறார். ஆனால் இரு கச்சேரிகளுள் ஒன்றுக்கு வரவில்லை, குறிப்பேட்டிலும் பாதியே எழுதியுள்ளார்.

வருகைக்கு 40, கச்சேரிக்கு 30, குறிப்பேட்டுக்கு 10, வாசிப்புக்கு 20 என வகுத்தால் முதலாமவர் 90, இரண்டாமவர் 75 பெறுவர். வருகைக்கு 15, கச்சேரிக்கு 20, குறிப்பேட்டுக்கு 5, வாசிப்புக்கு 60 என மாற்றினால் முதலாமவர் 70, இரண்டாமவர் 83 பெறுவர். 90 முதல் ஏ, 80 முதல் பி, 70 முதல் சி என்னும் வழக்கமான அளவுப்படி, முதல் முறையில் ஏ பெற்றவர் இரண்டாம் முறையில் சி பெறுகிறார். மாணவர்களின் வாசிப்பில் எம்மாற்றமும் இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

கருத்து வேறுபாடுகள்

வருகைக்குப் பெரும்பங்கு வழங்குவதை ஆதரிப்போர், ஒருவர் வராவிடில் குழு முழுவதும் பாதிக்கப்படும் என்பர். ஒரே ஒரு டியூபா உள்ள குழுவில் அதை வாசிப்பவர் வராவிட்டால் இசையின் அடித்தளமே இல்லாமற் போகும். எதிர்ப்போர், மதிப்பெண் என்பது கற்றதைக் காட்ட வேண்டுமே அன்றி நன்னடத்தையை அன்று என்பர். மாலைக் கச்சேரிக்கு அழைத்துவரப் பெற்றோருக்கு வாய்ப்பு இல்லாத மாணவரும் மதிப்பெண் இழக்க நேரிடும். மறுபுறம், வாசிப்பை மட்டும் கணக்கில் கொண்டால், கட்டணம் செலுத்தித் தனி வகுப்புக்குச் செல்ல இயலும் மாணவர்களுக்கு அது சாதகமாகும். பயிற்சிக் குறிப்பேடும் நேரத்தைக் காட்டுமே தவிர முன்னேற்றத்தைக் காட்டாது.

2014 இல் வெளியிடப்பட்ட அமெரிக்கத் தேசியக் கலைக்கல்வித் தரங்கள் உருவாக்குதல், நிகழ்த்துதல், எதிர்வினையாற்றுதல், தொடர்புபடுத்துதல் என்னும் நான்கு செயல்களை அடிப்படையாகக் கொண்டவை. இவற்றுள் வருகை இடம்பெறவில்லை.

பிற பாடங்களுடன் தொடர்பு

டெக்சாஸ் மாநிலத்தில் 1984 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, ஒரு பாடத்தில் 70க்குக் குறைவான மதிப்பெண் பெறும் மாணவர் குறிப்பிட்ட காலத்துக்குப் போட்டிகளில் பங்கேற்க இயலாது. சில உயர்நிலைப் பாடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. "தேர்ச்சி இல்லையேல் பங்கேற்பு இல்லை" என இது பொதுவாக அறியப்படுகிறது. எனவே கணிதத்தில் தவறும் ஒருவரின் இருக்கை, இசைப் போட்டி நாளில் காலியாக இருக்க நேரிடும். தனி மதிப்பெண்ணும் கூட்டொலியும் ஒன்றை ஒன்று பாதிப்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு ஆகும்.