இமயம் தொட்ட செயற்கைக் கால்

எங்கள் ஊர்காவற்றுறையில் மலை கிடையாது. பாதையில் ஏறிக் கடலைக் கடந்து காரைநகருக்குப் போனாலும், வேலணை, மண்கும்பான் தாண்டிப் பண்ணைப் பாலத்தால் யாழ்ப்பாணம் போனாலும் நிலம் ஒரே மட்டம்தான். இந்த ஊரில் இருந்துகொண்டு இமயமலை ஏறிய ஒரு பெண்ணைப் பற்றி ஏன் எழுதுகிறேன் என்று சகோதரிகள் கேட்கக்கூடும். அதற்குக் காரணம் உண்டு.

எமது மாதர் சங்கத்துக்கு வரும் தங்கை ஒருத்தி 2009 இல் வன்னியில் எறிகணை வீச்சில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். கணவரும் இல்லை. தாயுடனும் மகளுடனும் வாழ்கிறாள். அவளுக்குச் செயற்கைக் கால் கிடைத்திருக்கிறது. ஆனால் அது சாக்கில் சுற்றப்பட்டுக் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஊன்றுகோலுடன் முற்றத்தைத் தாண்டமாட்டாள். ஏனென்று கேட்டேன்.

"அந்தக் காலைப் போட்டுக்கொண்டு நான் எங்க அக்கா போறது? சந்தைக்கும் கோயிலுக்கும்தானே. ஆக்கள் பாக்கிற பார்வைக்கு வீட்டிலயே இருக்கலாம்" என்றாள்.

அவளுக்குப் புத்தி சொல்ல எனக்கு உரிமை உண்டு என்றுதான் நினைத்தேன். ஏனெனில் எனக்கும் ஒரு கால் இல்லை. இடம்பெயர்ந்திருந்து ஊர் திரும்பிய காலத்தில், 1997 இல், காவோலை பொறுக்கப் போன இடத்தில் மிதிவெடியில் அகப்பட்டேன். அப்போது எனக்கு 19 வயது. ஆனால் அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரு சொல்லும் வரவில்லை. நானும் இரண்டு வருடம் அப்படித்தான் மூலையில் இருந்தவள். அதனால் என் கதையை விட்டு, அருணிமா சின்ஹாவின் கதையைச் சொன்னேன்.

தண்டவாளத்தில் ஓர் இரவு

அருணிமா இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் சுகாதாரத் துறையில் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். கரப்பந்தாட்டத்தில் தேசிய மட்டம் வரை விளையாடிய அருணிமா, வேலை தேடிக்கொண்டிருந்த காலம் அது. 2011 ஏப்ரலில் அந்த வேலை விடயமாக லக்னோவிலிருந்து டெல்லிக்குப் புகையிரதத்தில் தனியே புறப்பட்டார்.

இரவில் பெட்டிக்குள் வந்த திருடர்கள் அவருடைய கழுத்துச் சங்கிலியைப் பறிக்க முயன்றார்கள். அவர் எதிர்த்தார். ஓடும் புகையிரதத்திலிருந்து அவரை வெளியே தள்ளினார்கள். விழுந்த இடத்தில் மற்றத் தண்டவாளத்தில் வந்த வண்டி அவருடைய காலின் மேல் ஏறியது. விடியும் வரை அவ்விடத்திலேயே கிடந்தார். காலையில் ஊர்மக்கள் கண்டு வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றனர். இடது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. வலது காலிலும் எலும்பு முறிவு. உலோகக் கம்பி வைக்கப்பட்டது.

இங்கே எமது பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர் வைத்தியசாலையில் கிடக்கும்போதே பழியும் வந்து சேர்ந்தது. அவர் தானே குதித்திருக்கலாம் என்றும், தண்டவாளத்தைக் கடக்கும்போது விபத்து நடந்திருக்கலாம் என்றும் பொலிஸ் தரப்பில் சொல்லப்பட்டது. அருணிமா அதை மறுத்தார். பின்னர் நீதிமன்றம், அவருக்கு 5 இலட்சம் இந்திய ரூபா நட்டஈடு வழங்குமாறு புகையிரதத் துறைக்கு உத்தரவிட்டது. இழந்தவளிடமே குற்றம் தேடும் வழக்கம் எமது ஊருக்கு மட்டும் உரியதல்ல.

கேட்டுப் போன வாசல்

டெல்லி வைத்தியசாலையில் சுமார் நான்கு மாதம் சிகிச்சை. செயற்கைக் காலும் பொருத்தப்பட்டது. எவரெஸ்ட் ஏறுவது என்ற எண்ணம் கட்டிலில் கிடந்தபோதே வந்தது என்று அவர் கூறியிருக்கிறார். கேட்டவர்கள் நம்பவில்லை. அவர் நேரே போனது பசேந்திரி பால் அம்மையாரிடம். 1984 மே 23 ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதலாவது இந்தியப் பெண் இவர். உத்தரகாசிப் பக்கத்து மலைக் கிராமத்தில் பிறந்தவர். டாட்டா உருக்கு நிறுவனத்தின் சாகசப் பயிற்சி அமைப்பை நடத்தி வந்தார். அவர் அருணிமாவை ஏற்றுக்கொண்டார்.

பயிற்சி தொடங்கியது. மற்றவர்கள் சில நிமிடங்களில் நடக்கும் தூரம் அருணிமாவுக்கு மணித்தியாலக் கணக்கில் எடுத்தது. வெட்டிய இடம் முழுதாக ஆறாததால் இரத்தம் கசிந்தது. கடைசி ஆளாகத்தான் போய்ச் சேருவார். ஆனால் போய்ச் சேருவார். மாதங்கள் செல்ல மற்றவர்களுடன் சேர்ந்து, சில வேளைகளில் அவர்களுக்கு முன்னரும் நடந்தார்.

2012 இல் அவர் ஏறிய நேபாள மலை ஒன்றின் பெயர் எனக்கு மிகவும் பிடித்தது: 'ஐலண்ட் பீக்', அதாவது தீவுச் சிகரம். பனிக்கடல் நடுவே தீவு போலத் தெரிவதால் அந்தப் பெயர். 6,000 மீற்றருக்கு மேல் உயரம். எமது நாட்டின் மிக உயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். இதைச் சொன்னபோது தங்கை முதன்முறையாகச் சிரித்தாள். "அங்கயும் தீவு இருக்கோ?" என்று கேட்டாள்.

பனியில் திரும்பிய பாதம்

எவரெஸ்டின் உயரம் சுமார் 8,849 மீற்றர். உச்சியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றிலொரு பங்குதான். அதனால் பெரும்பாலானோர் உருளையில் ஒட்சிசன் சுமந்து போவார்கள். சப்பாத்துக்குக் கீழே இரும்பு முட்கள் கட்டிப் பனிக்கட்டியில் குத்திக் குத்தி ஏற வேண்டும். செயற்கைக் காலின் கணுக்கால் எமது கால் போல மடங்காது. பாதத்துக்கு நிலம் தெரியாது. வழுக்கும் பனியில் குத்தும்போது குதிக்கால் ஒரு பக்கமாகவும் விரல் ஒரு பக்கமாகவும் திரும்பிவிடும் என்று அருணிமா சொல்லியிருக்கிறார். செயற்கைக் காலுடன் சேற்று வரம்பில் நடந்தவளுக்கு இது விளங்கும்.

2013 மே 21 ஆம் திகதி அவர் உச்சியை அடைந்தார். கால் அகற்றப்பட்ட பெண் ஒருவர் எவரெஸ்டை அடைந்தது உலகில் அதுவே முதல் தடவை. புகையிரதத்திலிருந்து விழுந்து இரண்டு வருடமும் சில கிழமைகளும்தான் ஆகியிருந்தன. அதன் பின்னர் ஒவ்வொரு கண்டத்தினதும் உயர்ந்த சிகரங்களை ஏறத் தொடங்கி, 2019 ஜனவரியில் அந்தாட்டிக்காவின் வின்சன் சிகரத்தையும் அடைந்தார். 2015 இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

ஆனால் இறங்கும் வழியில் அவருடைய ஒட்சிசன் தீர்ந்துபோனது. வேறொரு மலையேறி விட்டுச்சென்ற உருளையே தன் உயிரைக் காத்தது என்று அவரே சொல்கிறார். ஆகவே துணிவு ஒன்றே போதும் என்று நான் எழுதமாட்டேன். அவருக்குப் பசேந்திரி பால் இருந்தார். செலவுக்கு நிறுவனம் இருந்தது. வழிகாட்டும் ஷெர்பா இருந்தார். எமது பெண்களில் பலருக்கு பஸ் காசுக்கே வழியில்லை. அவர்களைப் பார்த்து 'உனக்குத் துணிவில்லை' என்று சொல்வது அநியாயம்.

திரும்பி வருவதும் தோல்வியல்ல

எமது நாட்டுக் கதையும் ஒன்று உண்டு. பெண்கள் உரிமைகளுக்காகப் பணியாற்றி வந்த ஜயந்தி குரு உதும்பால 2016 மே 21 ஆம் திகதி எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அந்த உச்சியை அடைந்த முதலாவது இலங்கையர் ஒரு பெண் என்பதில் எமக்கெல்லாம் பெருமை. அவருடன் ஏறிய யொஹான் பீரிஸ், ஏறக்குறைய 8,400 மீற்றரில் ஒட்சிசன் கோளாறு காரணமாகத் திரும்ப வேண்டியதாயிற்று. இன்னும் 450 மீற்றர்தான் இருந்தது. ஆனாலும் திரும்பினார். உயிருடன் திரும்பியபடியால்தான் 2018 மே மாதம் மீண்டும் போய் உச்சியை அடைந்தார்.

இந்தக் கதையைத்தான் தங்கை திரும்பத் திரும்பக் கேட்டாள்.

பிறகு ஒரு நாள் அவள் சாக்கை அவிழ்த்துக் காட்டினாள். காலைப் போட்டுப் பார்த்தோம். அது அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது. நடந்தால் உரசிப் புண்ணாகும். அவள் வெட்கத்தால் மட்டும் ஒதுக்கவில்லை, நோவாலும்தான் ஒதுக்கியிருக்கிறாள். அதை ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அகற்றப்பட்ட காலின் மிகுதிப் பகுதி காலப்போக்கில் மெலியும். அப்போது பழைய கூடு பொருந்தாது. அது எமது பிழையல்ல. கால் செய்து தந்த நிலையத்துக்குத் திரும்பப் போய்ச் சொன்னால் திருத்தலாம், அல்லது புதிதாகச் செய்யலாம். தினமும் இரவில் அந்தப் பகுதியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் துடைத்து, சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உள்ளே போடும் காலுறையும் தினமும் தோய்க்க வேண்டும். எமது தீவுகளின் உப்பு மணல் ஒரு பொட்டு உள்ளே போனாலும் புண்தான்.

நாங்கள் இருவரும் யாழ்ப்பாணம் போய் அவளுடைய காலைச் சரிசெய்துகொண்டு வந்தோம். சங்கம் போக்குவரத்துச் செலவைத் தந்தது. போன கிழமை துறைமுகப் பக்கம் நடக்கப் புறப்பட்டோம். மதகடி வரை வந்தாள். "இண்டைக்குக் காணும் அக்கா" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. திரும்பி வந்தோம். வழியில் இரண்டு பேர் பார்த்தார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள்.

சகோதரிகளே, உங்கள் அயலில் யாராவது செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு இருந்தால், 'ஏன் நடக்கவில்லை' என்று கேளாதீர்கள். 'எங்கே நோகிறது' என்று கேளுங்கள். பிறகு அவளுடன் மதகடி வரைக்கும் போய் வாருங்கள்.