இருகண் நுண்ணோக்கி

தொம்மலூரில் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலின் கற்களில் பழந்தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்த்தால், எழுத்துகள் பெரும்பாலும் தட்டையாகவே தோன்றும். அருகில் நின்று நேரில் பார்த்தாலோ, உளி இறங்கிய ஆழம் புலப்படும். படமெடுக்கும் கருவி ஒரு கண்ணால் பார்க்கிறது. நாம் இரு கண்களால் பார்க்கிறோம்.

இதனைச் சோதித்துப் பாருங்கள். இரு கைகளிலும் ஒவ்வொரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பென்சில்களைப் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து, கூர்முனைகள் ஒன்றையொன்று தொடுமாறு செய்யுங்கள். பலமுறை தவறிப்போகும். இரு கண்களையும் திறந்துகொண்டால் எளிதில் தொட்டுவிடும். நம் வலக்கண்ணும் இடக்கண்ணும் ஒரே பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களில் காண்கின்றன. அவ்விரு காட்சிகளையும் மூளை இணைத்து ஆழத்தை உணர்கிறது. இவ்வுண்மையை இங்கிலாந்தைச் சேர்ந்த வீட்சுடன் என்னும் அறிஞர் 1838ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார்.

இனி, நுண்ணோக்கிக்கு வருவோம். நுண் + நோக்கி என்பதே நுண்ணோக்கி ஆயிற்று. கண் + நீர் கண்ணீர் ஆனது போல. உங்கள் கன்னட நண்பர்கள் இதனைச் சூக்ஷ்மதர்ஷக என்பர். பழைய நுண்ணோக்கிகளுள் பெரும்பாலானவை ஒற்றைக்குழல் கொண்டவை. ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால் நெடுநேரம் பார்த்தவர்கள் களைத்துப் போயினர். மேலும், எறும்பின் காலும் இலையின் மயிரும் பெரிதாகத் தெரிந்தனவேயன்றி, எது மேடு, எது பள்ளம் என்பது தெளிவாகவில்லை.

இரண்டு குழல்களை அருகருகே பொருத்தினால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். 1677ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டுத் துறவி செருபன் அவ்வாறு ஒரு கருவியை அமைத்தார். ஆனால் நுண்ணோக்கி, உருவத்தைத் தலைகீழாகவும் இடவலமாகவும் மாற்றிக் காட்டும் இயல்புடையது. ஒவ்வொரு கண்ணும் தனித்தனியே அவ்வாறு மாறிய உருவத்தைக் கண்டதால், மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றின!

இதற்குத் தீர்வு கிடைக்க ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆயின. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சு நகரில் ரிடெல் என்னும் பேராசிரியர் 1850களில் ஒரு நல்ல இருகண் நுண்ணோக்கியை உருவாக்கினார். 1860ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பொறியாளர் பிரான்சிசு வென்ஹாம் அதனினும் எளிய வழியைக் கண்டார். அவர் செய்தது இதுதான்: பொருளருகு வில்லைக்குச் சற்று மேலே ஒரு சிறு கண்ணாடிப் பட்டகத்தைச் செருகினார். அப்பட்டகம் மேலெழும் ஒளியில் பாதியை மட்டும் மறித்து, எதிர்ப்பக்கமாகத் திருப்பிச் சாய்ந்த குழலுக்குள் அனுப்பும். மறுபாதி நேர்க்குழலில் செல்லும். இரு பாதிகளும் ஒன்றையொன்று குறுக்கிட்டு எதிரெதிர்க் கண்களை அடைவதால், மேடு மேடாகவே தெரியும். ஒரே ஒரு சிறு பட்டகம் இவ்வளவையும் செய்துவிடுவதுதான் இதன் அழகு.

ஆக்சுபோர்டு நகரிலுள்ள அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய நுண்ணோக்கிகளின் பெருந்தொகுப்பு ஒன்று இருக்கிறது. இத்தகைய தொகுப்புகளில் வென்ஹாம் வகைக் கருவியை அடையாளம் காண்பது எளிது. பித்தளைக் குழல்கள் இரண்டும் கீழே சேர்ந்தும் மேலே விரிந்தும் கவட்டைக் கிளைபோல் நிற்கும். எல்லாருடைய கண்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஒன்றாக இருப்பதில்லை அல்லவா? அதற்காகக் குழல்களின் மேற்பகுதியை நீட்டவும் சுருக்கவும் திருகு வைத்திருப்பர். நீட்டினால் இடைவெளி அகலும், சுருக்கினால் குறையும்.

இந்த வென்ஹாம் உங்களுக்கு முற்றிலும் அயலானவர் அல்லர். வானூர்தியின் இறக்கை காற்றில் எவ்வாறு இயங்கும் என்பதை ஆராய 1871ஆம் ஆண்டில் உலகின் முதல் காற்றுச் சுரங்கத்தை வடிவமைத்தவரும் அவரே. தொம்மலூரிலிருந்து பழைய விமான நிலையச் சாலை வழியாகச் சென்றால் முருகேசுபாளையத்தில் விண்ட் டனல் ரோடு என்னும் பெயர்ப்பலகையைக் காண்பீர்கள். காற்றுச் சுரங்கம் என்பதன் ஆங்கிலப் பெயரே அது.

வென்ஹாமின் கருவிக்கும் ஒரு குறை இருந்தது. மிகுதியாகப் பெருக்கிப் பார்க்கும்போது காட்சியின் ஒரு பகுதி இருண்டுவிடும். ஆகவே பட்டகத்தை வெளியே இழுத்துவிட்டு, ஒற்றைக் கண்ணாலேயே பார்க்க வேண்டியிருந்தது. நோய்க்கிருமிகளைத் தேடிய மருத்துவர்கள் நெடுங்காலம் ஒற்றைக்குழல் கருவியையே நம்பியதில் வியப்பில்லை. அவர்களுள் ஒருவர் ரொனால்டு ராசு. 1883ஆம் ஆண்டில் பெங்களூரில் படை மருத்துவராக இருந்தபோதே, தேங்கிய நீரை அகற்றினால் கொசுக்கள் குறையும் என்பதை அவர் கவனித்தார். 1897ஆம் ஆண்டு ஆகத்து 20ஆம் நாள், செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அப்போது அவருடைய நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லை விரிசல் கண்டிருந்தது. திருகுகள் அவருடைய வியர்வையால் துருப்பிடித்திருந்தன. இக்கண்டுபிடிப்புக்காக 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1890களில் கிரீனோ என்னும் விலங்கியலார் கூறிய கருத்தின்படி, செருமனியின் சைசு நிறுவனம் புதுவகைக் கருவி ஒன்றைச் செய்தது. அதில் ஒவ்வொரு கண்ணுக்கும் தனி வில்லை உண்டு. தலைகீழ் உருவத்தை நிமிர்த்தப் பட்டகங்களும் உண்டு. கருவிக்குக் கீழே கைகளை வைத்து வேலை செய்ய இடமும் கிடைத்தது. பெங்களூர் எஸ்.பி. ரோடு பக்கம் செல்ல நேர்ந்தால், கைப்பேசி பழுதுபார்ப்பவரின் மேசையைப் பாருங்கள். மணலினும் சிறிய உறுப்பை அவர் பற்றவைப்பது இக்கருவியின் வழித்தோன்றல் ஒன்றின் கீழேதான். இரு கண்களையும் திறந்துகொண்டு.