இழந்த சொல்லை மீட்டல்

மக்கட்கு வாய்த்த பேறுகளுள் மொழி தலையாயது. அதனைப் பக்கவாதம் நொடிப்பொழுதில் பறித்துவிடுவதுண்டு. மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடினும் வெடிப்பினும், அதனால் ஊட்டம் பெறும் பகுதி பட்டுப்போகிறது. பெரும்பாலோர்க்கு மொழிக்குரிய இடங்கள் மூளையின் இடப்பாகத்தில் உள்ளன. கேடு அவற்றைத் தாக்கின் பேச்சிழப்பு உண்டாகிறது. அவ்விழப்புற்றார்க்கு உதவுமாறு, மண்டையைத் திறவாமலே மூளையைத் தூண்டும் முறைகள் இந்நாளில் ஆராயப்பட்டு வருகின்றன. அவை குறித்து ஈண்டுச் சில கூறுவோம்.

பேச்சிழந்தார் அறிவிழந்தார் அல்லர் என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். பாரிஸ் நகரை அடுத்த பீசேத்ர் மருத்துவமனையில் 1861-ஆம் ஆண்டு பால் புரோக்கா என்னும் மருத்துவர் ஒரு நோயாளரைக் கண்டார். எதை வினவினும் 'டான், டான்' என்பதே அவர்தம் விடை. ஆயினும், அங்கு எத்தனை ஆண்டு தங்கியுள்ளீர் என்று கேட்டபோது, அவர் ஐவிரலையும் நான்குமுறை விரித்துப் பின் ஒரு விரலைக் காட்டினார். 21 ஆண்டு என்னும் அக்கணக்குச் சரியாகவே இருந்தது. சின்னாளில் அவர் இறந்தபின், மூளையின் இடப்பக்க முன்பகுதி பழுதுற்றிருக்கக் கண்டார் புரோக்கா.

பட்டுப்போன பகுதி மீண்டும் துளிர்ப்பதில்லை. ஆயின், அதனைச் சூழ்ந்து பிழைத்திருக்கும் பகுதிகள் பயிற்சியால் அதன் தொழிலை ஒருவாறு ஏற்கக்கூடும். படத்தைக் காட்டிப் பெயர் சொல்வித்தல் முதலிய பயிற்சிகளின் நோக்கம் இதுவே. தூண்டல் இப்பயிற்சிக்குத் துணையேயன்றி மாற்றன்று. உழுத நிலத்தில் விதை எளிதில் முளைப்பது போலத் தூண்டப்பெற்ற மூளையிற் பயிற்சி எளிதில் வேரூன்றும் என்பது ஆராய்வார் கருத்து.

தூண்டும் முறை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, 1985-இல் இங்கிலாந்தின் ஷெப்பீல்டு நகரில் அந்தோனி பார்க்கரும் அவர் துணைவரும் செய்து காட்டிய காந்த முறை. தலைமேல் வைத்த கம்பிச்சுருளில் கணநேரம் மின்சாரம் பாய, எழும் காந்தப்புலம் மண்டையோட்டை ஊடுருவி உள்ளே நுண்ணிய மின்னோட்டத்தை எழுப்பும். மற்றொன்று, தலையில் வைத்த மின்முனைகள் வழியே ஓரிரு மில்லியாம்பியர் அளவே மின்சாரம் செலுத்துவது.

எவ்விடத்தைத் தூண்டுவது? ஒருவர்க்குப் பிழைத்திருக்கும் பகுதி மற்றொருவர்க்கு அழிந்திருக்கும். ஆதலின் யாவர்க்கும் ஓரிடமென வரையறுத்தல் பொருந்தாது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் 2018-இல் வெளியிட்ட சோதனையில் பேச்சிழந்தோர் 74 பேர் பங்குகொண்டனர். படங்களின் பெயரைச் சொல்லுங்கால் ஒவ்வொருவர் மூளையிலும் இடப்பக்கத்தே எவ்விடம் மிகுதியும் தொழிற்படுகிறதென எம்.ஆர்.ஐ. கருவியாற் கண்டு, அதற்கேற்ப மின்முனையை வைத்தனர். 3 வாரங்களில் 15 முறை, முறைக்கு 20 நிமிடம், பயிற்சியோடு சேர்த்து 1 மில்லியாம்பியர் மின்சாரம் ஒரு சாரார்க்குச் செலுத்தப்பட்டது. மறுசாரார்க்குச் செலுத்துவதாகப் பாவனையே செய்யப்பட்டது. முன்னவர் சராசரியாக 13.9 பெயர்களும், பின்னவர் 8.2 பெயர்களும் கூடுதலாகச் சரியாகக் கூறினர்.

இதனால் அறியக்கிடப்பது யாது? பயிற்சி ஒன்றாலேயே முன்னேற்றம் உண்டு. மின்சாரம் அதனை மிகுவிப்பதாகத் தோன்றுகிறது. எனினும் அச்சோதனை, மேலும் ஆராயத்தகுமா என அறியவே வகுக்கப்பட்டதாகலின், முடிந்த முடிபாகாது. தேர்ந்த மருத்துவர் மேற்பார்வையின்றி இத்தூண்டலைச் செய்தலும் ஆகாது. காந்த முறையால் அரிதாக வலிப்பு நேர்வதுமுண்டு.

கருவி எட்டாத இல்லங்களிலும் பொறுமை எட்டும். பேச்சிழந்தார் சொல்லைத் தேடுங்கால் நாம் முந்திக்கொண்டு முடியாதிருத்தலும், சிறு வாக்கியங்களால் மெல்லப் பேசுதலும், அவரைக் குழந்தையென நடத்தாமையும் நம்மால் இயல்வன. அறிஞர் ஆராய்க, நாம் காத்திருந்து கேட்போமாக.