உறுதிப் பெட்டியும் கணினிப் பெட்டியும்

திருகோணமலையிலே துறைமுகத்தை அண்டிய வீதிகளில் தொழில் நடத்தும் சட்டத்தரணிகளின் கந்தோருக்குள் ஒரு முறையேனும் சென்றவர்கள், அங்குள்ள வழக்கேட்டுக் கட்டுகளைக் கண்டிருப்பார்கள். அலுமாரி நிறைந்து, மேசை நிறைந்து, சில வேளைகளில் நாற்காலியும் நிறைந்திருக்கும். இரும்பையே தின்றுவிடும் உப்புக் காற்று கடதாசியை மட்டும் விட்டுவைக்குமா? போதாததற்குக் கறையானும் உண்டு. இத்தனைக்கும் நடுவே, முப்பது ஆண்டுகளுக்கு முன் முடித்த உறுதி எங்கே என்று கேட்டால், எழுந்து சென்று சரியான கட்டை உருவி எடுத்து வருபவர் ஒரு முதிய லிகிதர். அவர் ஓய்வு பெற்றுச் செல்லும் நாளில் அந்தக் கந்தோரின் ஞாபக சக்தியும் அவருடனேயே புறப்பட்டுவிடுகிறது!

நவீன சாதனங்களைச் சட்டத் தொழிலில் உபயோகிப்பது பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் வேகத்தையே புகழ்கிறார்கள். அதில் உண்மை இல்லாமலில்லை. உயர் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் தம் தீர்ப்புகளை இணையத்திலே வெளியிடுவதால், கொழும்புக்குப் புகையிரதம் ஏறாமலே அவற்றைத் திருகோணமலையிலிருந்து படிக்க முடிகிறது. ஆயினும் இம்மாவட்டத்து மக்களுக்கு வேகத்தினும் அவசியமானது ஒன்று உண்டு. தொலைந்த பத்திரம் திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதே அது.

இலங்கையில் காணி ஒன்றை விற்பதாயின், 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, பிரசித்த நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு கையொப்பமிட வேண்டும். நொத்தாரிசு ஒரு பிரதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்கு அனுப்புகிறார். மூல உறுதி உரியவர் கைக்குப் போகிறது. ஆகவே வீட்டிலிருந்த உறுதி அழிந்தாலும் உரிமை அழிந்துவிடாது. பதிவகத்திலே அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம். ஆனால் உறுதியின் இலக்கம் என்ன, முடித்த நொத்தாரிசு யார், திகதி எது என்று அங்கே கேட்பார்கள். இம்மூன்றும் அறியாதவர் பாடு கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட கதைதான்.

இம்மூன்றையும் தொலைத்த குடும்பங்கள் இங்கே எத்தனையோ. 1985இலும் 1990இலும் மக்கள் உடுத்த துணியோடு ஊரை விட்டு ஓடினார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடலே எழுந்து வந்து, கிண்ணியா, மூதூர், நிலாவெளிக் கரைகளில் வீடுகளையும் பெட்டகங்களையும் வாரிச் சென்றது. 2006இல் சம்பூர் மக்கள் வெளியேறினார்கள். 2015 வரை சொந்த மண்ணை மிதிக்க அவர்கள் காத்திருக்க நேர்ந்தது. அத்தகைய வேளையில் ஒரு தாய் கைக்குழந்தையைத் தூக்குவாளா, உறுதிப் பெட்டியைத் தூக்குவாளா?

இதற்கிடையே சட்டத்தின் கடிகாரம் நிற்பதில்லை. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், பிறர் காணியை உரியவருக்கு எதிராகத் தடையின்றிப் பத்தாண்டுகள் ஆண்டவர் அதனைத் தமதென்று கோரலாம். யுத்தத்தால் நீதிமன்றப் படியேற முடியாதிருந்தோருக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தில், ஆயுதக் குழுக்களின் நடவடிக்கைகளால் தம் காணியுரிமையைக் கோர இயலாதிருந்தோருக்கு அது விசேட ஏற்பாடு செய்தது. நல்ல சட்டம்தான். எனினும் வழக்கிடக் குறித்த கால அவகாசமே கொடுக்கப்பட்டது. அந்த அவகாசத்துக்குள் உறுதி இலக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமே!

கணினியின் அருமை இவ்விடத்தில்தான் புலனாகிறது. குச்சவெளிப் பக்கத்து விதவை ஒருத்தி கந்தோருக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனாரின் பெயரும் காணி "ஆலடி வளவு" என்பதும் மட்டுமே அவளுக்கு ஞாபகம். தாம் முடித்த ஒவ்வொரு உறுதிக்கும் இலக்கம், திகதி, கொடுத்தவர், வாங்கியவர், ஊர், காணிப் பெயர் ஆகியவற்றை அட்டவணையாக்கிக் கணினியில் ஏற்றி வைத்த நொத்தாரிசு, அந்த இரு சொற்களைக் கொண்டே ஒரு நிமிஷத்தில் விடை சொல்லிவிடுவார். ஏற்றி வைக்காதவர் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்க வேண்டும். கட்டுகளும் கடலோடு போயிருந்தால் அதுவுமில்லை. இதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஒரு கணினியும், பத்திரங்களைப் படம் பிடிக்கும் ஸ்கேனர் ஒன்றும், பொறுமையுள்ள ஓர் இளைஞரும் போதும். படங்களின் பிரதி ஒன்றைக் கடல் எட்டாத ஊரிலே வைப்பது அவசியம். அதே கூரையின் கீழ் இரண்டு பிரதி வைப்பது ஒரு பிரதி வைப்பதற்கே சமம்.

தமிழுக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியிலே பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை அமைத்துத் தந்தார். அதில் அடித்த எழுத்தை எவரும் படிக்கலாம். கணினி வந்தபோது பலர் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தார்கள். அவற்றைக் கணினி ஆங்கில எழுத்துக் குவியலாகவே அறிகிறது. ஆதலால் "ஆலடி வளவு" என்று தேடினால் அகப்படாது. பழைய கோப்புகளை யூனிகோட் முறைக்கு மாற்றுவதும் வேலையின் ஒரு பகுதியே.

கணினி எல்லாவற்றையும் செய்துவிடும் என்று மயங்கவும் கூடாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், மரண சாசனத்தையும் அற்றோணித் தத்துவத்தையும் காணி விற்பனையையும் தன் எல்லைக்குப் புறம்பாகவே வைத்துள்ளது. ரொறன்ரோவிலுள்ள மகன் வரைவை மின்னஞ்சலில் படித்துத் திருத்தலாம். கையொப்பம் மட்டும் பேனா மையில்தான். 2023இல் நியூயோர்க் சட்டத்தரணிகள் இருவர் செயற்கை நுண்ணறிவு புனைந்து கொடுத்த இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் சமர்ப்பித்து, 5,000 டொலர் தண்டம் விதிக்கப்பட்ட செய்தியைச் சட்ட மாணவர்கள் அறிந்திருப்பார்கள். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காக்கும் கடமையும் கணினிக்குள் புகுந்ததும் கரைந்துவிடுவதில்லை. கந்தோர்ப் பத்திரங்களைக் கைத்தொலைபேசியில் கண்டவருக்கெல்லாம் அனுப்பும் வழக்கம் ஆபத்தானது.

அட்டவணை வேலையை இளைஞரிடம் மட்டும் ஒப்படைப்பதும் சரியன்று. அந்த முதிய லிகிதர் ஓய்வு பெறுமுன், அவருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைத் தொடங்க வேண்டும். உறுதியிலே ஒரு பெயரும் ஊரார் வாயிலே வேறு பெயருமாய் வழங்கும் வளவுகள் எவை என்பது அவர் ஒருவருக்குத்தானே தெரியும்!