கம்பம் நின்ற இடம்

செகந்திராபாத்தில் போயின்பள்ளியை அடுத்து ஹஷ்மத்பேட்டை. இரும்புக்காலத்து ஈமச்சின்னங்கள் அங்கே வீடுகளுக்கு நடுவே கிடக்கின்றன. மேலே உருண்டைக் கற்களை வட்டமாகப் பதித்து, அடியில் பலகைக்கற்களால் அறை கட்டி, இறந்தவரை வைத்தார்கள். அரசு பாதுகாக்கும் இடம்தான். ஆனாலும் நகரம் அதை நெருக்கிக்கொண்டே வருகிறது.

அன்று அந்தக் கற்களைப் புரட்டிக் கொண்டுவந்தவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? செத்தவருக்குத்தான் கருங்கல். இருந்தவருக்கு மரக்கம்பம், மண்சுவர், கூரை. கரையானும் மழையும் அவற்றில் எதையும் விட்டுவைக்கவில்லை.

இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் 1998-இல் வெளிப்பட்ட மர வட்டத்துக்கு வேறு விதி. ஈரச் சேற்றில் காற்றுப் படாமல் கிடந்ததால் 55 கருவாலிக் கம்பங்கள் மிஞ்சின. ஆண்டு வளையங்களைப் பார்த்து, மரங்கள் கி.மு. 2049-இல் வெட்டப்பட்டன என்று கண்டுபிடித்தார்கள். வெட்டுத் தழும்புகளை ஒப்பிட்டு, குறைந்தது 50 வெண்கலக் கோடரிகள் பட்டிருக்கின்றன என்றார்கள். ஒரு ஊரே கூடி வெட்டியிருக்க வேண்டும்! தக்காணத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நிஜாம் ரயில்வே மருத்துவர் ஈ.ஹெச். ஹன்ட் ஹைதராபாத் பகுதிக் கல்லறைகளைப் பற்றி 1924-இல் கட்டுரை எழுதினார். அந்தத் தலைமுறை ஆய்வாளர்களின் கண் கல்லறை மீதே இருந்தது: பானை, இரும்பு, எலும்பு. கையில் எடுக்க முடிந்ததே தடயம்.

இன்று இல்லாத மரத்தையும் தேடத் தெரியும். அகழாய்வுக் குழியின் தரையைக் கரண்டியால் மெல்லச் சுரண்டி, கொஞ்சம் நீர் தெளித்தால், பழுப்பு மண்ணில் கருத்த வட்டம் ஒன்று தெரியும். கம்பம் மக்கியபின் வேறு மண் இறங்கி நிரம்பிய குழி அது. அதேபோல் இன்னொன்று, சற்றுத் தள்ளி இன்னொன்று. இடைவெளிகளை அளந்தால் வீட்டின் அகலம் தெரிகிறது. குழிக்குள் கரித்துண்டு கிடைத்தால் மரத்தின் இனத்தையும் காலத்தையும் அறிய வழியுண்டு. ஒரு பொற்குவியலைவிட இந்தக் கறையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அடுப்பெரித்த மனிதர்களிடம் நம்மைக் கொண்டுபோவது அதுதான்.

கச்சிபௌலியில் ஹைதராபாத் பல்கலைக்கழக வளாகத்துக்குள் பேராசிரியர் கே.பி. ராவ் ஈமச்சின்னங்களை அகழ்ந்தார். வளாகம் என்பதால் அந்த நிலம் தப்பியது. வெளியே அடுக்குமாடிக்கு அஸ்திவாரம் பறிக்கிறார்கள். பெரிய கல் தட்டுப்பட்டாலாவது யாராவது ஒருவர் நின்று பார்ப்பார். மண்ணில் உள்ளங்கை அகலத்தில் நிறம் மாறியிருப்பதை ஜேசிபி ஓட்டுபவர் எப்படிக் காண்பார்? அள்ளிய மண் அன்று மாலையே லாரியில் ஏறிவிடுகிறது.