உங்களுக்குத் தெரியுமா? பண்ருட்டியில் முளைத்த போலி பேங்க்!

கடலூர் மாவட்டம் பண்ருட்டியில் ஸ்டேட் பேங்க் பெயரில் போலிக் கிளையே நடந்தது, 2020 ஜூலையில் பிடிபட்டது. ரப்பர் ஸ்டாம்ப், சலான், கம்ப்யூட்டர் எல்லாம் தயார். நடத்தியவருக்கு வயது 19! வாடிக்கையாளர் ஒருவர் அசல் கிளை மேலாளரிடம் விசாரிக்கப்போய்க் குட்டு உடைந்தது. மூவர் கைது. நல்லவேளை, யார் பணமும் போகவில்லை.

இமெயிலில் பேங்க் வேஷம் போட இந்த மெனக்கெடல்கூட வேண்டாம். அனுப்புநர் பெயரை எப்படியும் வைக்கலாம். அதைத் தொட்டு முழு முகவரியைப் பாருங்கள். வங்கி இணையதளங்களின் பெயர் 2025 அக்டோபர் 31-க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. லிங்க்கில் இணையதளப் பெயர் அதில் முடியாமல், அது நடுவில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் போலிதான். சந்தேகம் வந்தால், உங்கள் ஊர்க் கிளையிலேயே கேட்கலாம். பணம் போய்விட்டதா? உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழையுங்கள்.